குவாரியிலும் கட்டட வேலையிடத்திலும் வண்டி ஓட்டுவது, நிறுத்துவது: கிருஷ்ணகிரி, தருமபுரிக்கான முழுமையான வழிகாட்டி

வேலையிடத்தில் டிப்பரும் ஜேசிபியும் பெரும்பாலும் ஆள் நடக்கிற வேகத்தில்தான் நகர்கின்றன. அப்படியிருந்தும் உயிர் போகிறது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது போகிறது, மண் கொட்டும்போது போகிறது, சரிவில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் டீ குடிக்கப் போன நேரத்தில் போகிறது. வேகத்தைக் குறைத்தால் போதும் என்று நினைக்கிற சூப்பர்வைசர்கள் இந்த மூன்றையும் கவனிப்பதில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டுமே கரடும் பாறையும் நிறைந்த மாவட்டங்கள். பர்கூர் பக்கத்துக் கிரானைட் குவாரி, ஜல்லி கிரஷர், ஓசூர் சிப்காட்டைச் சுற்றி எழும் தொழிற்சாலைக் கட்டடம், விவசாய நிலத்தில் இறங்கும், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி என எதை எடுத்தாலும் தரை சமமாக இருக்காது. அதனால் இந்த வழிகாட்டி தரையிலிருந்து தொடங்குகிறது. இதில் ஓட்டுநருக்கு உள்ள அளவு வேலை, இடம் காட்டும் மேஸ்திரிக்கும் வண்டி முதலாளிக்கும் உண்டு. தடத்தை மோசமாகப் போட்டுவிட்டு, கவிழ்ந்த பிறகு ஓட்டுநர் மேல் பழி போடுவது அநியாயம்.

வண்டி வருவதற்கு முன்: தடம்

முதலில் சரிவை அளந்துவிடுங்கள். 16 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிற சரிவு, பாரம் ஏற்றிய லாரிக்கு ஏற்றது. குழியிலிருந்து மேலே வரும் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் 10 மீட்டருக்கு 1 மீட்டர் வரை விடலாம். அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 2 மீட்டர் நேர்க்கட்டையைத் தடத்தின் மேல் நீளவாக்கில் வைத்து, அதன் மேல் ஃபோனில் உள்ள லெவல் செயலியைத் திறந்து வையுங்கள். 3.6 டிகிரி காட்டினால் 16-க்கு 1, 5.7 டிகிரி காட்டினால் 10-க்கு 1. அதற்கு மேல் காட்டும் இடத்தை ஹிட்டாச்சி (மண் தோண்டும் பெரிய இயந்திரம்) வைத்து வெட்டித் தணித்த பிறகே லாரியை விடுங்கள்.

லாரியின் அகலம் ஏறக்குறைய 2.5 மீட்டர். எதிரெதிரே இரண்டு வண்டி போக அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 7.5 மீட்டர் வேண்டும். அந்த அகலம் கிடைக்காத இடத்தில் ஒருவழித் தடமாக்கி, ஒன்றை ஒன்று பார்க்கக்கூடிய தூரத்தில் ஒதுங்கும் இடங்களை விடுங்கள். ஏறி வரும் வண்டிக்கே முதல் உரிமை. இறங்குகிறவர் நின்று வழி விட வேண்டும். சாலை விதியும் இதுதான், குவாரியிலும் இதுதான்.

பள்ளத்துப் பக்கம் மண் வரப்பு கட்டாயம். லாரிகளில் பரவலாக உள்ள 10.00-20 டயரின் உயரம் சுமார் 1.05 மீட்டர். வரப்பும் அந்த உயரம் இருந்தால்தான் டயர் அதில் மோதி நிற்கும்; முழங்கால் உயர வரப்பை டயர் சாதாரணமாக ஏறிக் கடந்துவிடும். உதிரி மண்ணில் 1 மீட்டர் உயர வரப்பு நிற்க அடியில் சுமார் 3 மீட்டர் பிடிக்கும். பலரும் இந்த 3 மீட்டரையும் சேர்த்துத் தட அகலத்தைக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பிறகு லாரி வரப்பின் மேல் உரசிக்கொண்டு போகிறது, பத்து நாளில் வரப்பு கரைந்துவிடுகிறது.

அஸ்திவாரக் குழியின் ஓரத்தில் வண்டி வருமானால், குழி எத்தனை ஆழமோ குறைந்தது அத்தனை தூரம் தள்ளித் தடத்தைப் போடுங்கள். 4 மீட்டர் ஆழக் குழிக்கு 4 மீட்டர் தள்ளி. செம்மண் காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும்; ஒரு மழை நனைத்தால் விளிம்பு சரியும். நேற்று நின்றது என்பதற்காக இன்று நிற்காது.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்து, கைப்பிடிச் சுவர் இல்லாத விவசாயக் கிணறு. போர் வண்டி, கம்ப்ரசர் லாரி, டிராக்டர் எல்லாம் கிணற்றோரத் தடத்தில்தான் போகின்றன. கிணற்றின் மண் கரைக்கு உள்ளே அரிப்பு இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. பகலிலேயே நடந்து பார்த்து, கிணற்றைச் சுற்றிக் கழி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வண்டியை உள்ளே அழையுங்கள். இரவில் வரும் வண்டிக்கு நிலத்துக்காரர் ஒருவர் டார்ச்சுடன் முன்னால் நடக்க வேண்டும்.

கடைசியாக மேலே பாருங்கள். தெருவைக் கடக்கும் 11 கிலோவோல்ட் மின்கம்பிக்குத் தரையிலிருந்து வைக்க வேண்டிய குறைந்தபட்ச உயரம் 6.1 மீட்டர்தான். தூக்கிய பாடியின் (பாரம் ஏற்றும் பெட்டி) நுனி பல டிப்பர்களில் 6 மீட்டரைத் தாண்டும். கம்பிக்கு இருபுறமும் 6 மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, அதற்குள் யாரும் பாடி தூக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கம்பிக்கு அடியில் கடந்தே ஆக வேண்டுமானால், இரண்டு மூங்கில் நட்டுக் குறுக்கே கொடி கட்டி உயர வாசல் அமையுங்கள்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்

சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டுத்தான் எந்தச் சோதனையும்.

1. பிரேக்குக்குக் காற்று தரும் ஏர் டேங்கின் வடிகுழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் தங்கினால் காற்றுக்கு இடம் குறையும், வால்வு துருப்பிடிக்கும். தண்ணீரோடு எண்ணெய் நிறைய வந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது.

2. காற்றழுத்தம் 8 பார் (bar) வரை ஏறட்டும். இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். கேஜ் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரை தடவிப் பார்த்தால் இடம் தெரியும். பிறகு பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். காற்று 4 முதல் 5 பாருக்கு இறங்குவதற்குள் எச்சரிக்கை ஒலி வர வேண்டும். ஒலி எரிச்சலாக இருக்கிறது என்று ஒயரைக் கழற்றிவிட்ட வண்டிகளைப் பார்க்கலாம். அந்த வண்டியை வேலைக்கு எடுக்காதீர்கள்.

3. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். வண்டி நகரக் கூடாது. நகர்ந்தால் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை. இதற்குக் கட்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

4. பின்பக்க இரட்டை டயர்களின் இடுக்கைப் பாருங்கள். குவாரி வண்டிக்கு இது மிக முக்கியம். இடுக்கில் மாட்டிய ஜல்லி, நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் தெறித்துப் பின்னால் வரும் பைக்காரர் மேல் பாயும். வேலையிடத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்க வேண்டும்.

5. வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது.

6. கண்ணாடிகள், ஹாரன், ரிவர்ஸ் ஒலி, விளக்குகள், ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு.

பாரம்: கண்ணளவு போதாது

யூனிட் என்பது 100 கன அடி, ஏறக்குறைய 2.83 கன மீட்டர். ஜல்லி ஒரு கன மீட்டர் சுமார் 1.5 டன், ஆக ஒரு யூனிட் 4.2 டன் வரும். எம்-சாண்ட் ஒரு யூனிட் 5 டன்னை நெருங்கும், ஈரமாக இருந்தால் தாண்டும். நான்கு யூனிட் என்று வாய்க்கணக்கில் ஏற்றும்போது ஜல்லிக்கும் ஈர மணலுக்கும் நடுவே 3 டன்னுக்கு மேல் வித்தியாசம் வருகிறது.

கிரானைட் பிளாக்கில் தவறு இன்னும் பெரிதாகும். 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் உள்ள கல் 6.75 கன மீட்டர். சாதாரணக் கிரானைட் கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன், ஆக 18 டன்னைத் தாண்டும். அதே அளவில் கறுப்புக் கல்லாக இருந்தால் கன மீட்டருக்கு 3 டன், மொத்தம் 20 டன்னுக்கு மேல். பார்க்க இரண்டும் ஒரே கல் மாதிரி இருக்கும். டேப்பால் அளந்து பெருக்கிப் பார்த்து, ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். அந்த எடை வண்டியையும் சேர்த்தது.

கல்லைப் பின்னால் தள்ளி வைத்தால் ஏற்றத்தில் முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்து ஸ்டீயரிங் கேட்காது. கல்லுக்கு அடியில் மரக்கட்டை, நான்கு பக்கமும் ஆப்பு, அதன் மேல் சங்கிலி. இறுக்கிய சங்கிலி முதல் கிலோமீட்டரிலேயே தளரும்; ஆகவே வேலையிட வாசலில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

ஏற்றம், இறக்கம்

வேலையிடத்துக்குள் 20 கிலோமீட்டர் வேகம் போதும், ஆள் நடமாடும் இடத்தில் 10. முன்வண்டிக்கும் உங்களுக்கும் சரிவில் 50 மீட்டர் இடைவெளி.

கரட்டின் மேல் உள்ள குவாரியில் பாரத்தோடு இறங்க வேண்டும், குழிக் குவாரியில் பாரத்தோடு ஏற வேண்டும். இரண்டுக்கும் ஆபத்து வேறு.

இறக்கத்தில் எதிரி சூடு. 28 டன் வண்டி 50 மீட்டர் உயரம் இறங்கும்போது பிரேக் மட்டுமே அதைத் தாங்கினால் உண்டாகும் சூடு, சுமார் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவும் பிரேக் டிரம்மிலும் லைனிங்கிலும் ஏறுகிறது. சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும், லைனிங்கின் பிடிமானமும் குறையும். மிதித்தால் மிதி கீழே போகும், வண்டி நிற்காது. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும் லாரிகளுக்கும் இதே ஆபத்துதான். அங்கே அது கிலோமீட்டர் கணக்கில் நீள்கிறது.

எனவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, நின்ற இடத்தில், எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரை அல்லது ஒன்று குறைந்ததைப் போடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைவழியை அடைத்து இன்ஜின் மூலம் வேகத்தைக் குறைப்பது) இயக்குங்கள். இன்ஜின் இழுத்துப் பிடிக்கட்டும்; கால் பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், வேகம் கூடும்போது அழுத்தி மிதித்துக் குறைத்துவிட்டு முழுதாக விடுங்கள். நடு இறக்கத்தில் கியர் மாற்ற முயன்றால் நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள்.

நியூட்ரலில் இறக்கினால் டீசல் மிச்சம் என்ற பேச்சை இனியாவது விட்டுவிட வேண்டும். பிஎஸ்-4, பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க டீசல் செலவாகும். மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை.

பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் இன்ஜினை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் இறுகிவிடும். ஹாரனை விடாமல் அடியுங்கள், கியரில் இருங்கள், ஹேண்ட் பிரேக் நெம்புகோலைப் படிப்படியாக இழுங்கள், மலைப்பக்க வரப்பில் சக்கரத்தை உரச விடுங்கள். வேகம் ஏறுவதற்கு முன் உரசினால் பம்பரோடு போகும்.

ஏற்றத்தில் ஆபத்து பின்னால் உருள்வது. பாரத்தோடு ஏறும்போது இன்ஜின் நின்றுவிட்டால் கால் பிரேக், ஹேண்ட் பிரேக், ஹாரன். அதற்குப் பிறகு நம் ஊரில் வழக்கமாக நடப்பது, கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லைத் தள்ளுவது. உருள்கிற சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ஆளை அனுப்புவதற்கு எந்த நியாயமும் கிடையாது. கல் நசுங்கித் தெறிக்கும், கை மாட்டும், சறுக்கினால் ஆளே மாட்டுவார். வண்டி முழுதாக நின்ற பிறகு, பக்கவாட்டிலிருந்து, நீளக் கைப்பிடி உள்ள கட்டையால் மட்டுமே போட வேண்டும். பிரேக்கில் வண்டி நிற்கவில்லை என்றால் கிளீனரை அடியில் அனுப்பியும் நிற்காது.

பின்னால் எடுப்பது

ரிவர்ஸே தேவைப்படாதபடி சுற்றுத் தடம் போட முடிந்தால் அதுதான் முதல் தீர்வு. முடியாதபோது, வழிகாட்ட ஒரே ஒரு ஆள். நாலு பேர் நாலு பக்கமும் நின்று "வா, வா" என்று கத்துவது கேபினுக்குள் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். வழிகாட்டுகிற ஆள் பளிச்சென்ற நிறச் சட்டை அணிந்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் முழு உருவமும் தெரியும்படி, வண்டியின் பாதைக்கு வெளியே நிற்க வேண்டும். கண்ணாடியில் அவர் மறைந்த கணமே ஓட்டுநர் நிறுத்த வேண்டும். எட்டிப் பார்த்துக்கொண்டே எடுக்கக் கூடாது. இரண்டு கையையும் மேலே தூக்கினால் நிறுத்து என்பதை வேலை தொடங்கும் முன் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். அந்தக் கைச்சாடையை மட்டும் யார் காட்டினாலும் கீழ்ப்படிய வேண்டும்.

ஹிட்டாச்சி சுற்றும்போது அதன் பின்பக்க எடைக்கட்டிக்கும் பாறைச் சுவருக்கும் நடுவே ஆள் போகாதபடி கயிறு கட்டுங்கள்.

கொட்டுவது

பாடி தூக்கிய டிப்பர் பக்கவாட்டில் கவிழ்வதற்குச் சின்னச் சரிவே போதும். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், கெட்டித் தரையில் இருக்க வேண்டும். புதிதாக நிரப்பிய மண்ணில் ஒரு பக்கச் சக்கரம் ஒரு சாண் அமுங்கினாலும், மேலே போன பாரம் அந்தப் பக்கமே சாயும்.

கொட்டுவதற்கு முன் பின்கதவின் பூட்டைத் திறந்துவிடுங்கள். மறந்து தூக்கினால் மொத்தப் பாரமும் உச்சியில் பின்னால் சேர்ந்து முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். ஈரமண் ஒட்டிக்கொண்டால் வண்டியை முன்னும் பின்னும் குலுக்கி உதறாதீர்கள். பாடியை இறக்கிவிட்டு, மண்வெட்டியால் தளர்த்துங்கள். பள்ள விளிம்பில் நேராகக் கொட்டாமல் ஒரு வண்டி நீளம் முன்னாலேயே கொட்டி, ஜேசிபியால் தள்ளுங்கள். பாடி முழுதாக இறங்கிய பிறகே நகருங்கள்.

பாடிக்கு அடியில் கிரீஸ் வைக்கவோ ஹோஸ் மாற்றவோ போக வேண்டுமானால், பாடி காலியாக இருக்க வேண்டும், வண்டியோடு வரும் இரும்பு முட்டு போட்டிருக்க வேண்டும். ஹைட்ராலிக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தால் பாடி கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே வந்துவிடும்.

நிறுத்துவது

இடம் தேடுவதிலிருந்தே நிறுத்துவது தொடங்குகிறது. சமதளம், கெட்டித் தரை, மேலே மின்கம்பி இல்லை, பாறைச் சுவருக்கு அடியில் இல்லை, குழி விளிம்பில் இல்லை, ஆம்புலன்ஸ் வரும் வழியில் இல்லை. முகப்பு வெளியே பார்த்தபடி பின்னாலேயே எடுத்து நிறுத்துங்கள். வரும்போது இடம் காலி என்று பார்த்துவிட்டு எடுக்கிறீர்கள், போகும்போது முன்னே பார்த்து எடுக்கலாம். வெடி வைக்கும் குவாரியில் சங்கு ஊதுவதற்கு முன் எந்த வண்டி எங்கே போய் நிற்க வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

நின்ற பிறகு வரிசை இது: கால் பிரேக், ஹேண்ட் பிரேக், பிறகு காலை மெதுவாக எடுத்து வண்டி நகர்கிறதா என்று பாருங்கள். டர்போ ஆற இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு இன்ஜினை அணையுங்கள். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். வரப்பு அல்லது மலைப்பக்கம் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில். வண்டியிலேயே சாவியை விட்டுப் போனால், "கொஞ்சம் தள்ளி விடறேண்ணா" என்று ஏறும் ஓட்டத் தெரியாத பையனுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் அலட்சியம் அதிகம். கட்டையின் உயரம் டயர் உயரத்தில் கால் பங்கு, அதாவது லாரிக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகம், 25 சென்டிமீட்டர். புளி, கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரத்தில் முக்கோணமாக அறுத்து, இரும்பு வளையம் போட்டுச் சங்கிலியால் சேஸிஸோடு பிணைத்துவிடுங்கள்; மறந்து விட்டுப் போக முடியாது. சரிவில் தாழ்ந்த பக்கம், இரண்டு பின்சக்கரத்துக்கும், டயரோடு ஒட்டி வையுங்கள். சமதளத்தில் ஒரே சக்கரத்துக்கு முன்னும் பின்னும். பின்சக்கரத்தை ஜாக்கியால் தூக்குவதானால் கட்டை முன்சக்கரத்துக்குப் போக வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான், அது அந்தரத்தில் நின்றால் பிரேக்குக்கு வேலை இல்லை. கட்டைக்குப் பதில் கல் வைத்தால் கல் உருளும், பிளக்கும். எடுத்த பிறகு சாலையிலேயே கிடந்து இரவில் வரும் பைக்கைக் கவிழ்க்கும்.

ஜேசிபி, ஹிட்டாச்சி எதுவானாலும் பக்கெட்டைத் தரையில் படிய வைத்துவிட்டே இறங்குங்கள். தூக்கிய பக்கெட்டுக்கு அடியில் நிழலுக்கு உட்காருகிறார்கள்.

நிழல் என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் மரமில்லாத குவாரியில் லாரிக்கு அடிதான் ஒரே நிழல். சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிடுவார்கள், கைக்குழந்தையைத் துண்டு விரித்துப் படுக்க வைக்கும் தாய்மாரும் உண்டு. வண்டி எடுக்கும் முன் முழுதாக ஒரு சுற்று நடந்து, குனிந்து அடியில் பாருங்கள். ஏறியதும் இரண்டு முறை ஹாரன், பத்து எண்ணும் வரை பொறுத்து, பிறகு கியர். முதலாளி செய்ய வேண்டியது வேறு: வண்டி நிற்கும் இடத்திலிருந்து தள்ளி நான்கு கால் நட்டு ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை, குடிதண்ணீர், தொட்டில் கட்ட ஒரு குறுக்குக் கழி. நிழல் வேறெங்காவது கிடைத்தால் லாரிக்கு அடியில் யாரும் போக மாட்டார்கள்.

மாம்பழப் பருவத்தில் கூழ் தொழிற்சாலை வாசலில் வரிசை கட்டும் டிராக்டர்களுக்கும் இதே விதிதான். வரிசை நகர நகரக் கட்டையை எடுத்துப் போட்டு அலுத்துப்போய், நியூட்ரலில் விட்டு உருட்டுகிறார்கள். சரிவில் உள்ள வாசலானால் டோக்கன் கொடுத்து, சமதளத்தில் காத்திருக்க வைப்பது தொழிற்சாலையின் கடமை.

மழை, பனிமூட்டம்

காய்ந்த பாறைத் தடத்தின் மேல் படிந்த குவாரித் தூள், முதல் தூறலில் வழுக்குச் சேறாகும். அரை மணி நேரம் நல்ல மழை பெய்து கழுவும் வரை பாரத்தோடு சரிவில் இறங்காதீர்கள். தூசிக்குத் தண்ணீர் தெளிக்கும் டேங்கரும் இதே கெடுதலைச் செய்யும். சரிவில் விட்டு விட்டுத் தெளிக்கச் சொல்லுங்கள். மார்கழி, தையில் ஓசூர் பக்கம் காலை மூட்டம் இறங்கும். முன்னால் 50 மீட்டர் தெரியாதவரை குவாரித் தடத்தைத் திறக்க வேண்டாம்.

மின்கம்பி பட்டுவிட்டால்

ஓட்டுநர் கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும். முடிந்தால் பாடியை இறக்கியோ வண்டியை நகர்த்தியோ கம்பியிலிருந்து விலகலாம். மற்றவர்கள் 10 மீட்டருக்கு அப்பால் விலகி, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் அழைத்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். யாரும் வண்டியைத் தொடக் கூடாது. தீப்பிடித்து வெளியேறியே ஆக வேண்டுமானால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வைத்து வெளியே குதித்து, கால்களைச் சேர்த்தபடியே குதித்துக் குதித்து விலக வேண்டும். எட்டி நடந்தால் இரண்டு பாதத்துக்கும் நடுவே மின்சாரம் பாயும். காயம் பட்டவருக்கு 108. வேலையிடத்தின் பெயர், எந்தச் சாலையில் எந்தக் கைகாட்டிப் பலகையில் திரும்ப வேண்டும் என்பதை வாசல் பலகையில் எழுதி வையுங்கள். பதற்றத்தில் அழைக்கிறவர் வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளியாகவும் இருக்கலாம், ஆகவே இந்தியிலும் எழுதுங்கள்.